பிறவாத குதிரைகள்

சென்னைக் கோட்டையிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படும் சாலைகளுள் பூவிருந்தவல்லிச் சாலைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. பூவிருந்தவல்லியைக் கடந்தால் திருப்பெரும்புதூர். அதற்கப்பால் காஞ்சி, இராணிப்பேட்டை, வேலூர், கிருஷ்ணகிரி, ஒசூர் என்று அது மைசூர்ச் சீமைவரை நீண்டு செல்லும். கும்பினியார் காலத்தில் பூவிருந்தவல்லி ஒரு பட்டாளத்து ஊர். வெள்ளைக்காரத் துருப்புகள் தங்கியிருந்த கோட்டையும் கொட்டடிகளும் அங்கே இருந்தன. இன்று அம்பத்தூரில் தொழிற்பேட்டையும், ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் இருக்கின்றன. ஆவடியில் உருவாகும் டாங்கி செய்யும் வேலையை ஒரு காலத்தில் செய்தது குதிரை. அந்தக் குதிரையைப் பற்றியே இன்று உங்களோடு பேசப் போகிறேன். அதிலும் போரில் மடிந்த குதிரையைப் பற்றியல்ல, பிறக்காமலே போன குதிரையைப் பற்றி.

இது விந்தையான பொருளாகத் தோன்றலாம். பிறக்காத ஒன்றுக்கு வரலாறு ஏது என்று கேட்பீர்கள். நானும் இப்பக்கத்தில் வாழ்பவன். இச்சாலையில் நாள்தோறும் போய் வருபவன். இதன் பழங்கதைகளைப் படிக்கப் படிக்க ஒரு கேள்வி என்னை விடாமல் பற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் நெல் விளைந்தது, பருத்தி விளைந்தது, மாடு பெருகிற்று, ஆடு பெருகிற்று. குதிரை மட்டும் ஏன் பெருகவில்லை? ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டு மன்னர்கள் குதிரையைக் கடல் கடந்து வாங்கிக்கொண்டே இருந்தார்களே, வாங்கிய குதிரைகள் குட்டி போடவில்லையா?

இக்கேள்வி எவ்வளவு உயிர்நிலையானது என்பதைச் சென்னைவாசிகள் 1769-ஆம் ஆண்டில் உணர்ந்தார்கள். ஐதர் அலி தம் காலாட்படையையும் பீரங்கிகளையும் பின்னால் விட்டுவிட்டு, ஏறத்தாழ 6,000 குதிரை வீரர்களோடு சுமார் 130 மைல் தொலைவை மூன்றரை நாளில் கடந்து, பரங்கிமலையருகே வந்து நின்றார். கும்பினிப் படை எங்கோ பின்னால் கிடந்தது. அதனிடம் அவரைத் துரத்திப் பிடிக்கும் அளவுக்குக் குதிரை இல்லை. கோட்டையிலிருந்தவர்கள் வேறு வழியின்றி அவர் விரும்பியபடி உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பதினோர் ஆண்டுகளுக்குப் பின், 1780 செப்டம்பர் 10-ஆம் நாள், காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அடியோடு அழிந்தது. அன்றும் திப்பு சுல்தான், ஐதர் அலி ஆகியோரின் குதிரைப்படையின் பங்கு பெரிது. சோறும் துணியும் பணமும் உடைய ஓர் அரசு, குதிரையில்லாக் குறையால் இருமுறை தன் தலைவாசலிலேயே தலைகுனிந்தது.

ஆனால் இந்தக் குறை கும்பினியாரோடு தொடங்கியதன்று.

தொல்காப்பியத்தின் மரபியல் குதிரையின் பெண்ணைப் ‘பெட்டை’ என்றும், அதன் இளமையை ‘மறி’ என்றும் வழங்கச் சொல்கிறது. ஆகவே தமிழர் பெட்டைக் குதிரையையும் அறிந்திருந்தார்கள். அதன் குட்டியையும் அறிந்திருந்தார்கள். ஆயினும் பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல்வழியாக வந்து இறங்குகின்றன. மாணிக்கவாசகர் வரலாறு உங்களுக்குத் தெரியும். பாண்டியனுடைய அமைச்சர் பொன்னோடு புறப்பட்டது குதிரை வாங்கத்தான். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். இலக்கியம், சமயம், கல்வெட்டு மூன்றும் ஒன்றையே சொல்கின்றன: குதிரை என்பது வளர்க்கும் பொருளன்று, வாங்கும் பொருள்.

இதைக் கணக்கோடு சொன்னவர்கள் இருவர். ஒருவர் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தவர். மற்றவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப். கிஷ் தீவின் தலைவரான ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்பினார் என்றும், பாரசீக வளைகுடாவின் பிற துறைகளையும் சேர்த்தால் 10,000 குதிரைகள் வந்தன என்றும், ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் விலை என்றும் வஸ்ஸாப் எழுதுகிறார். பெருக்கிப் பாருங்கள்: ஆண்டுக்கு இருபத்திரண்டு இலட்சம் தினார்! நடுக்கடலில் செத்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டதாம். இவ்வெண்கள் ஓரளவு மிகையாக இருக்கலாம். பாரசீக ஆசிரியர்களுக்கு எண்களைச் சற்று ஊதிக் காட்டும் பழக்கம் உண்டு. பாதியாகக் குறைத்துக் கொண்டாலும் அது ஒரு நாட்டின் செல்வத்தைக் கடலில் வாரி இறைத்த கதையே.

மார்க்கோ போலோ காரணம் சொல்ல முற்படுகிறார். அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்குமேல் வாங்குகிறான். ஆண்டு முடிவில் அவற்றுள் 100-கூட மிஞ்சுவதில்லை. இந்நாட்டார்க்குக் குதிரையைப் பேணத் தெரியாது. லாடம் அடித்து நோய்க்கு மருந்திடும் ஆட்களும் இல்லை. வணிகர்கள் அத்தகையோரை உடனழைத்து வருவதில்லை என்பதோடு, வருபவரைத் தடுக்கவும் செய்கிறார்கள். குதிரைகள் சாவதில்தானே அவர்கள் வாணிகம் வாழ்கிறது! குதிரைக்கு வெந்த சோற்றையும் இறைச்சியையும் ஊட்டுகிறார்கள் என்றும் அவர் சொல்கிறார். வஸ்ஸாப்போ, வந்த குதிரையை நாற்பது நாள் கொட்டிலில் கயிறும் முளையுமாகக் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, பின் எவ்விதப் பயிற்சியுமின்றி ஏறி ஓட்டுவதால் அது விரைவில் கெட்டுவிடுகிறது என்கிறார்.

இவையெல்லாம் பெரியோர் பலரும் எடுத்துக்காட்டியவை. ஆனால் மார்க்கோ போலோ இன்னொரு செய்தியும் சொல்கிறார். உயர்சாதிப் பொலிகுதிரையை உயர்சாதிப் பெட்டையோடு சேர்த்தாலும், பிறப்பது கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டியாகவே இருக்கிறது என்பது அது. இதைப் பலரும் படித்துவிட்டு, “தமிழ்நாட்டு மண் குதிரைக்கு ஆகாது” என்று முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு அம்முடிவில் உடன்பாடு இல்லை. சோற்றில் சுண்ணச்சத்து மிகக் குறைவு. பதினொரு மாதம் குட்டியைச் சுமக்கும் தாய்க்குச் சோறே உணவானால், குட்டியின் எலும்பு எப்படி உரம் பெறும்? குறை மண்ணில் இல்லை, தொட்டியில் இருந்தது என்பதே என் கருத்து.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்விருவரும் எண்ணியவை செத்த குதிரைகள். கண்டவை கோணிப் பிறந்த குட்டிகள். சினைப்பட்டுப் பிறக்காமலே போனவற்றை அவர்கள் எண்ணவில்லை. எண்ணியிருக்கவும் முடியாது. ஒரு பெட்டைக் குதிரை கருவுற்றுப் பதினைந்தாம் நாளோ முப்பதாம் நாளோ அக்கருவை இழந்தால், வெளியே விழுவது ஒன்றுமில்லை. இலாயக்காரன் காண்பதும் ஒன்றுமில்லை. “இவ்வாண்டு பொலி தங்கவில்லை” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெட்டை மலடு என்றோ, பொலிகுதிரை சரியில்லை என்றோ, உடலில் தீய சுழி இருக்கிறது என்றோ பழி ஏதாவது ஒன்றின்மேல் விழும். நம் நாட்டில் குதிரை வாங்குபவர் சுழி பார்ப்பதில் வல்லவர்கள். தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952-ஆம் ஆண்டில் வண்ணப்படங்களோடு வெளியிட்ட அசுவசாத்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், குதிரையின் புறத்தோற்றத்தை நம் முன்னோர் எத்துணைக் கூர்மையோடு நோக்கியிருக்கிறார்கள் என்பது விளங்கும். ஆனால் தோலின்மேல் உள்ள சுழியைக் கண் காணும். கருப்பைக்குள் நடப்பதைக் காண அன்றைக்கு உலகில் எவருக்கும் வழியில்லை.

ஊர்ப்புறத்து ஐயனார் கோயில்களில் நிற்கும் மண் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். விரிந்த மூக்கும், தூக்கிய காலும், கழுத்து மணியுமாக நிற்கும் அவற்றுள் குட்டியோடு நிற்கும் பெட்டை ஒன்றையும் நான் இதுவரை கண்டதில்லை. குயவர்மீது குறை சொல்ல இதைக் கூறவில்லை. நாடு முழுதும் குதிரை என்றால் ஆண்குதிரையையே நினைத்தது என்பதற்கு அது ஒரு சான்று.

கும்பினியார் குதிரைப் பண்ணை வைக்கத் தொடங்கியது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில். பீகாரில் பூசா என்னும் ஊரில் வங்காளப் படைக்கென ஒரு பண்ணை ஏற்பட்டது. 1808-ஆம் ஆண்டில் அதன் பொறுப்பை ஏற்க வந்தவர் வில்லியம் மூர்கிராப்ட். பிரான்சு நாட்டு லியோன் நகரத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் முறையாகப் பயின்ற முதல் ஆங்கிலேயர் அவர். பூசாவில் ஓட்ஸ் பயிரிட்டுக் குதிரைகளுக்குத் தீனி ஊட்டினார், நோய்களைக் கவனித்தார். ஆயினும் நல்ல பொலிகுதிரை கிடைத்தால்தான் இனம் செழிக்கும் என்று அவருக்கு உறுதியான எண்ணம். அதைத் தேடி 1819-ஆம் ஆண்டில் இமயத்தை நோக்கிப் புறப்பட்டார். லடாக், காசுமீரம், காபூல் எல்லாம் கடந்து புகாரா நகரை அடைந்தார். திரும்பும் வழியில் 1825-இல் ஆப்கானித்தானத்து வடகோடியில் காய்ச்சலால் மாண்டார். தம் காலத்தின் தலைசிறந்த குதிரை மருத்துவர் ஒருவர், விடையைத் தேடி ஆயிரக்கணக்கான மைல் அலைந்தார். விடையின் ஒரு பகுதி பூசாவின் கொட்டிலிலேயே நின்ற பெட்டைகளின் வயிற்றுக்குள் இருந்திருக்கலாம். அதற்காக அவரைக் குறை கூறுவது நியாயமன்று. கிருமிகளே நோய்க்குக் காரணம் என்பது நிலைநாட்டப்பட அப்போது இன்னும் ஐம்பது ஆண்டுகள் இருந்தன.

தென்னாட்டில் மைசூர்ச் சீமையின் குனிகல்லில் குதிரைப் பண்ணை அமைத்தவர் திப்பு சுல்தான். கும்பினியாருடைய பண்ணை நம் பூவிருந்தவல்லிச் சாலையின் மறுகோடியில், ஒசூரையடுத்த மத்திகிரியில், 1824-ஆம் ஆண்டில் தோன்றிற்று. 1,641 ஏக்கர் பரப்பு, குளிர்ந்த மேட்டுநிலம், புல்லுக்கும் குறைவில்லை. இன்று அது தமிழக அரசின் மாவட்டக் கால்நடைப் பண்ணை. இவ்வளவு பண்ணைகள் இருந்தும் குதிரை போதவில்லை. 1830-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வரலாயிற்று. சென்னைக்கு அந்நாளில் துறைமுகம் இல்லை; கப்பல் தொலைவில் நங்கூரமிட, அலைகளுக்கிடையே குதிரைகளைக் கரை சேர்த்தார்கள். ஜே. பி. ஈஸ்ட் என்பவர் 1834 அளவில் வரைந்த ஓவியம் ஒன்றில் இக்காட்சியைக் காணலாம்: கட்டுமரங்கள், மசூலாப் படகு, கரையேறும் ஆஸ்திரேலியக் குதிரைகள். பாண்டியர்க்கு ஓர்மசும் கிஷ்ஷும் எப்படியோ, கும்பினியார்க்குச் சிட்னி அப்படி. ஆறு நூற்றாண்டுகளில் மாறியது துறையின் பெயர்தான்.

கருப்பையின் கதவு முதன்முதலாகச் சற்றே திறந்தது அமெரிக்காவில். பென்சில்வேனியாவில் பெட்டைக் குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சினை கலைந்தபோது, 1893-ஆம் ஆண்டில் தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் என்னும் இருவர் அதற்குக் காரணமான நுண்கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். இன்று அது சால்மொனெல்லா இனத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. 1933-ஆம் ஆண்டில் கென்டக்கியில் டிமாக், எட்வர்ட்ஸ் என்போர், வைரஸ் ஒன்றும் பிந்திய மாதங்களில் குட்டியைக் கலைக்கும் என்று காட்டினார்கள். இவையிரண்டும் பெரும்பாலும் வளர்ந்த குட்டியை வெளியே தள்ளும் நோய்கள், கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத இழப்பின் பக்கம் முதலில் விரல் நீட்டியவர் காஸ்லிக் என்னும் கென்டக்கி மருத்துவர். 1937-இல் அவர் சொன்னது எளிய செய்தி. வயதான பெட்டைகளிலும், மெலிந்தவற்றிலும், வாலின்கீழ் உள்ள பிறப்புவாய் சரியாக மூடுவதில்லை, நடக்கும்போதும் ஓடும்போதும் காற்றும் சாணத்துகளும் உள்ளே இழுக்கப்படுகின்றன, கருப்பை அழன்று புண்படுகிறது, கரு தங்குவதில்லை. வாயின் மேற்பகுதியைத் தைத்து மூடினார். மலடு என்று தள்ளப்பட்ட பல பெட்டைகள் குட்டி ஈன்றன. ஊசியும் நூலும் செய்த வேலை! இன்றும் உலகெங்கும் குதிரைப் பண்ணைகளில் இத்தையல் அவர் பெயராலேயே வழங்குகிறது.

கருப்பைக்குள் உண்மையில் நடப்பதென்ன என்பதைச் சிறிது விரிவாகச் சொல்கிறேன். உயிரியல் படிக்கும் மாணவர்க்கு இது சுவையாக இருக்கும்.

பொலி சேர்ந்தவுடன் எல்லாப் பெட்டைகளின் கருப்பையிலும் ஓர் அழற்சி உண்டாகிறது. அது நோயன்று, துப்புரவு வேலை. விந்தோடு வந்த அழுக்கையும் கிருமியையும் வெள்ளணுக்கள் விழுங்குகின்றன. கருப்பைத் தசை சுருங்கிச் சுருங்கிக் கசிவை வெளியேற்றுகிறது. நல்ல பெட்டை இவ்வேலையை இரண்டு நாளுக்குள் முடித்துவிடும். பல குட்டி ஈன்று முதிர்ந்த பெட்டையில் கருப்பை தளர்ந்து இடுப்பெலும்பின் விளிம்புக்குக் கீழே தொங்கிவிடுகிறது. கிணற்றில் நீர் நிற்பது போலக் கசிவு அங்கே தேங்குகிறது. தேங்கிய நீரில் கிருமி பெருகக் கேட்கவா வேண்டும்? பெரும்பாலும் குதிரையின் தோலிலும் சாணத்திலும் எப்போதும் இருக்கும் கிருமிகளே இத்தீங்கைச் செய்கின்றன.

இனிக் கருவின் பக்கம் பாருங்கள். கருவுற்ற முட்டை ஐந்தாறு நாள் குழாயிலேயே தங்கி, ஆறாம் நாள் அளவில் கருப்பைக்குள் இறங்குகிறது. அப்போது கருப்பை தூய்மையாக இருந்தால் நலம். அழற்சி ஓயாதிருந்தால், அதிலிருந்து பிராஸ்டாகிளாண்டின் என்னும் ஒரு பொருள் சுரந்து, சினைப்பையிலுள்ள மஞ்சள்நிறப் பொருளைச் சிதைத்துவிடுகிறது. அம்மஞ்சள் உடல்தான் கருவைக் காக்கும் ஊக்கிநீரைச் சுரப்பது. அது சிதைந்தால் கருவுக்குப் புகலில்லை. பெட்டை உரிய நாளுக்கு முன்பே மீண்டும் பருவத்துக்கு வந்து நிற்கும்.

இயற்கை குதிரைக் கருவுக்கு ஒரு வியப்பான பழக்கத்தை அளித்திருக்கிறது. மாட்டின் கருவைப் போல அது நீண்டு படர்வதில்லை. உருண்டை வடிவில் இருந்துகொண்டு, பதினாறாம் நாள்வரை கருப்பையின் ஒரு கொம்பிலிருந்து மறுகொம்புக்கு ஓயாமல் உருண்டு திரிகிறது. “நான் இங்கே இருக்கிறேன், என்னைக் கைவிடாதே” என்று வீடு வீடாகத் தட்டிச் சொல்லும் வேலை அது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் முழுவதும் அச்செய்தி சென்றால்தான் தாயின் உடல் மஞ்சள் உடலைக் காக்கும். கருப்பையில் நீர்க்கட்டிகளும் வடுக்களும் மலிந்து வழி மறித்தால், அச்செய்தி எட்டாமலே கரு அழியலாம்.

மற்றொரு கொடுமையும் உண்டு. முப்பத்தாறாம் நாள் அளவில் கருவின் உயிரணுக்கள் சில தாயின் கருப்பைச் சுவரில் குடியேறிக் கிண்ணங்கள்போல் அமைந்து ஒரு ஊக்கிநீரைச் சுரக்கத் தொடங்குகின்றன. சினைக்குதிரையின் இரத்தத்தில் இந்நீர் இருப்பதை 1930-இல் கலிபோர்னியாவில் கோல், ஹார்ட் என்போர் கண்டார்கள். இக்கிண்ணங்கள் தோன்றியபின் கரு இறந்தால், கிண்ணங்கள் உடனே மறைவதில்லை. நூற்றிருபதாம் நாள் அளவுவரை தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பெட்டை பருவத்துக்கு வராது. உடையவன் சினை என்றே நம்பிக் கொள்ளும் புல்லும் அள்ளிப் போடுவான். உண்மை வெளிப்படும்போது பருவகாலமே கடந்திருக்கும். இலாயக் கணக்கில் ஓராண்டு வீண். நூறு கருக்களில் 5 முதல் 15 வரை இவ்வாறு முதல் வாரங்களிலேயே அழிகின்றன என்பது இக்காலக் கணக்கு; முதிய பெட்டைகளில் இதைவிடவும் கூடுதல். நல்ல தீனியும் மருத்துவமும் உள்ள இன்றே இவ்வளவு என்றால், நாற்பது நாள் முளையில் கட்டுண்டு சோறு தின்ற பாண்டியர் கொட்டில் பெட்டைகளின் நிலையை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

கருப்பைத் தொற்று பழங்கதையாகிவிட்டது என்று எண்ணியிருந்தவர்களைத் திடுக்கிடச் செய்தது 1977-ஆம் ஆண்டு. பந்தயக் குதிரைகளின் தலைநகரமான இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில், பொலி சேர்ந்த சில நாளிலேயே பெட்டைகளுக்குச் சாம்பல்நிறக் கசிவு வடிந்தது. எல்லாம் சீக்கிரமே பருவத்துக்குத் திரும்பின. வழக்கமான முறையில் கிருமியை வளர்த்துப் பார்த்தால் ஒன்றும் முளைக்கவில்லை. கரியமிலவாயு மிகுந்த காற்றில், சூடாக்கிய இரத்தம் கலந்த தளத்தில் வளர்த்தபோதுதான் அது தலைகாட்டிற்று. முன்பின் அறியாத புதுக்கிருமி! பொலிகுதிரையின் உடலில் எந்த அடையாளமும் காட்டாமல் தங்கியிருந்து, அது கூடும் ஒவ்வொரு பெட்டைக்கும் இக்கிருமி பரவிற்று. அடுத்த ஆண்டே கென்டக்கிக்குப் போய்ச் சேர்ந்தது. பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைமுறைக் கருவூட்டலுக்கு உலகெங்கும் இசைவு இல்லை. குதிரையும் பெட்டையும் நேரில் கூடிப் பிறந்தால்தான் இனப்பதிவேட்டில் இடம். ஆகவே ஒரு சிறந்த பொலிகுதிரை நோயுற்றால் ஒரு பருவத்தில் பல பெட்டைகள் கெடும். அன்று தொடங்கி, நாடு விட்டு நாடு போகும் பொலிகுதிரைகளையும் பெட்டைகளையும் இக்கிருமிக்காகச் சோதிப்பது வழக்கமாயிற்று.

கென்டக்கிக்கு 2001-ஆம் ஆண்டில் இன்னொரு துயரம் வந்தது. அவ்வசந்தத்தில் ஆயிரக்கணக்கான கருக்கள் ஒருசேர அழிந்தன. கிருமியா, தீனியா, நஞ்சா என்று பலவாறு ஆராய்ந்த அறிஞர்கள் கடைசியில் கம்பளிப்பூச்சியில் வந்து நின்றார்கள்! அவ்வாண்டு காட்டுச் செரி மரங்களில் அப்பூச்சி அளவின்றிப் பெருகிப் புல்வெளியெங்கும் ஊர்ந்திருந்தது. குதிரைகள் புல்லோடு அதையும் தின்றன. பூச்சியைத் தீனியில் கலந்து கொடுத்தே சோதித்துப் பார்த்தார்கள், சினை கலைந்தது. பூச்சியின் மயிர்முட்கள் குடலைக் குத்த, அவ்வழியே கிருமிகள் குருதியில் ஏறிக் கருவை அடைகின்றன என்பது அறிஞர் தரும் விளக்கம். இத்துணைக் கருவிகளும் கல்லூரிகளும் உள்ள நாட்டிலேயே காரணத்தைக் காணப் பல மாதங்கள் ஆயின என்றால், “மண் ஆகாது” என்று சொல்லிவிட்டுப் போன பழைய பயணியை நாம் ஏன் கடிந்துகொள்ள வேண்டும்?

நம் பக்கத்துக்கு வருவோம். 1903-ஆம் ஆண்டில் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. 1936-இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, கால்நடை மருத்துவத்துக்குப் பட்டம் வழங்கும் படிப்பை இந்தியாவிலேயே முதன்முதலாகப் பெற்றது. குதிரைகளுக்கெனத் தனி ஆராய்ச்சி நிலையம் 1985-ஆம் ஆண்டில் அரியானாவின் இசார் நகரில் அமைந்தது. சினை கலைக்கும் வைரஸுக்கு அங்கே தடுப்பு மருந்து உருவாக்கியிருக்கிறார்கள். ஆவடியை அடுத்த அலமாதியில் 1973 முதல் மத்திய அரசின் இனவிருத்திப் பண்ணை இருக்கிறது. அங்கே இருப்பவை குதிரைகள் அல்ல, முர்ரா எருமைகள். காலம் மாறிவிட்டது; நாட்டுக்கு இன்று வேண்டியது பால். ஆயினும் எந்தத் தாய் எந்நாள் சினைப்பட்டது, தங்கிற்றா, தங்காவிட்டால் ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு வைக்கும் அந்தப் பழக்கம், குதிரைப் பண்ணைகளும் எருமைப் பண்ணைகளும் ஒருங்கே கற்றுக்கொண்ட பாடம்.

கருவைக் கண்ணால் காணும் வழி 1980-ஆம் ஆண்டில் பிறந்தது. பிரான்சில் பால்மர், திரியாங்குர் என்னும் இரு அறிஞர்கள், காதுக்கெட்டாத ஒலியலைகளை அனுப்பி எதிரொலியைப் படமாக்கும் கருவியைப் பெட்டைக் குதிரையிடம் பயன்படுத்தினார்கள். அதற்குமுன் மருத்துவர் கையை உள்ளே செலுத்தித் தடவித்தான் சினையை அறிவார். அதுவும் மூன்று வாரத்துக்குப் பிறகே. இப்போது பத்துப் பன்னிரண்டாம் நாளிலேயே கரு தெரிகிறது. தேங்கிய கசிவும் தெரிகிறது. தெரிந்தால் உப்புநீரால் கழுவலாம், பொலி சேர்ந்த சில மணி நேரத்துக்குள் ஊசி மருந்து செலுத்திக் கருப்பையைச் சுருங்கச் செய்யலாம். இரட்டைக் கரு இருந்தால் அதுவும் அப்போதே புலப்படும். குதிரைக்கு இரட்டைக் கரு பெரும்பாலும் இரண்டையும் இழப்பதற்கே வழியாகும்.

பொலிந்த பெட்டையைப் பதினான்காம் நாள் மருத்துவர் பார்க்கும்போது, திரையில் சாம்பல்நிறப் பரப்பின் நடுவே ஒரு சிறிய கருவட்டம் தோன்றுகிறது. சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அது வேறிடத்தில் இருக்கும். பதினாறாம் நாளளவில் அது ஒரு கொம்பின் அடியில் தங்கி நிற்கிறது. இருபத்தைந்தாம் நாள் வாக்கில் அதன் ஓரத்தில் ஒரு புள்ளி துடிப்பது தெரிகிறது. அது குட்டியின் இதயம்.